புளியரையைத் தாண்டிய விளைச்சல்

இலத்தூர் விலக்கில் நின்றுகொண்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை லாரிகள் செங்கோட்டை நோக்கிப் போகின்றன என்பதை எண்ணிவிடலாம். பணி ஓய்வுக்குப் பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிய எனக்கு அது ஒரு காலைப் பொழுதுபோக்கு. வைக்கோல், பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி, தேங்காய், ஏத்தன் வாழைத்தார், செங்கல், எம்-சாண்ட். அரை மணி நேரத்தில் அவை புளியரையைக் கடந்து, மலை வளைவுகளில் ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவில் இறங்கிவிடும். பிறகு புனலூர், கொல்லம். சரக்கு, சேவை வரி 2017-இல் வந்தபின் வணிகவரிச் சோதனைச்சாவடிகளில் காத்துக்கிடக்கும் தொல்லையும் தீர்ந்தது.

சரக்கு தடையின்றிப் போகிறது. அதன் மீது ஏறி உட்கார்ந்திருக்கும் உரிமைகளும் அதனுடன் போகின்றனவா என்பதே நான் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி. வழக்கறிஞர்களின் கேள்விபோலத் தோன்றும் இது, உண்மையில் நம் வீட்டுப் பெண்களின் கழுத்துச் சங்கிலி பற்றிய கேள்வி. அதைப் படிப்படியாகத்தான் விளக்க வேண்டும்.

என் சித்தப்பா மகன் சொந்த நிலம் ஓர் ஏக்கரிலும் குத்தகை நிலம் ஓர் ஏக்கரிலும் ஏத்தன் பயிரிட்டார். ஓணச் சந்தையைக் கணக்கிட்டு வைத்த வாழை. சொந்த நிலத்துப் பயிரை ஈடு காட்டிக் கூட்டுறவுக் கடன், உரக்கடையில் பற்று, குத்தகைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி, முட்டுக் கொடுக்கவும் தார் வெட்டவும் வந்த ஆட்களின் கூலி, இவற்றுக்கு மேல் கொல்லம் பக்கத்து வியாபாரி ஒருவர் தார் விடும்போதே கொடுத்துவிட்டுப் போன முன்பணம். ஒரே வாழைத் தோட்டத்தின் மீது ஐந்து பேருடைய கை. தார்களை ஏற்றிச் சென்ற வியாபாரி முன்பணத்தையும் கழிவையும் பிடித்துக்கொண்டு, மீதியில் பாதியைத் தந்தார்; மறுபாதிக்கு இன்று நாளை என்றார். கூட்டுறவுக் கடன் தவணை தவறியது. தென்காசியில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: ‘வழக்குப் போடலாம் சார். ஆனால் எந்த ஊரில், எந்தச் சட்டத்தில் என்பதுதான் முதல் வழக்காக இருக்கும்.’

கடன் கொடுத்தவர், கடனாளியின் பொருள் ஒன்றின் மீது, மற்றவர்களுக்கு முன்னதாகத் தனக்குச் சேரவேண்டியதை எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத் தமிழில் ‘பற்றுரிமை’ என்கிறோம். விளைபொருள் மீதான பற்றுரிமை நமக்குப் புதிதன்று. அரசுதான் அதன் முதல் உரிமையாளர். 1864-ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. நிலமும், அதன் மேலுள்ள கட்டடமும், அதன் விளைபொருளும் அரசு வருவாய்க்கு ஈடு என்று அது தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. களத்தில் அம்பாரம் குவித்தவுடன் மேல்வாரம் அளந்து எடுக்கும்வரை குடியானவன் கை வைக்கக்கூடாது என்ற பழைய வழக்கத்தின் சட்ட வடிவமே அது.

அடுத்து வந்தது கூட்டுறவு. 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டம், விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்த சங்கத்துக்கு, அந்த உறுப்பினரின் விளைச்சல் மீது 18 மாதங்களுக்கு மற்றக் கடன்காரர்களைவிட முன்னுரிமை தந்தது. நிலவரிக்கும் நில உரிமையாளரின் வாரத்துக்கும் அடுத்த இடம் அதற்கு. இந்த எண்ணமே பின்னர் மாநிலங்கள் தனித்தனியே இயற்றிய கூட்டுறவுச் சட்டங்களுக்கும் வந்தது. கேரளத்தின் சட்டம் 1969-ஆம் ஆண்டினது, தமிழ்நாட்டின் சட்டம் 1983-ஆம் ஆண்டினது. சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். ஒரே சட்டமாக இருந்தது மாநிலத்துக்கு ஒன்றாகப் பிரிந்தது.

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் விவசாயக் கடன் எத்தனை துண்டுகளாகக் கிடக்கிறது என்பது தெரியும். விவசாயம், நிலம், விவசாயக் கடன்கள், கூட்டுறவுச் சங்கங்கள், சந்தைகள், வட்டித்தொழில், விவசாயிகளின் கடன் நிவாரணம் ஆகியவை மாநிலப் பட்டியலில். வங்கித்தொழிலும் மாநிலங்களுக்கிடையிலான வணிகமும் ஒன்றியப் பட்டியலில். ஒப்பந்தம், விவசாய நிலம் தவிர்த்த சொத்து மாற்றம் ஆகியவை பொதுப் பட்டியலில். ஆகவே அடகுச் சட்டமும் சரக்கு விற்பனைச் சட்டமும் இலத்தூரிலும் கொல்லத்திலும் ஒன்றுதான். வியாபாரிக்கும் விவசாயிக்கும் இடையிலான பேரத்தில் எந்த மாநிலச் சட்டம் என்ற கேள்வி பெரிதாக எழாது. ஒப்பந்தத்தால் பிறக்காமல் மாநிலச் சட்டத்தால் பிறக்கும் உரிமைகளில்தான் அது எழுகிறது. சங்கத்தின் முன்னுரிமை, நிலவரிக்கான ஈடு, குத்தகை பாக்கி ஆகியவை அத்தகையவை. அரசமைப்பின் 245-ஆவது பிரிவின்படி ஒரு மாநிலச் சட்டமன்றம் தன் எல்லைக்குள்தான் சட்டம் செய்ய முடியும். வாழைத்தார் எல்லையைத் தாண்டிய பிறகு அதன் மேலிருந்த தமிழ்நாட்டு முன்னுரிமை என்ன ஆகிறது? சட்டத்தில் இதற்கு நேரான விடை எழுதப்படவில்லை.

குத்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் குத்தகை சட்டபூர்வமானது. 1955-இன் பாதுகாப்புச் சட்டம், 1956-இன் நியாய வாரச் சட்டம் என்று அதற்கென்றே சட்டங்கள் உண்டு. மலையின் அந்தப் பக்கம், 1963-இன் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகை முறையையே ஒழித்து, புதிதாகக் குத்தகைக்கு விடுவதையும் தடைசெய்துவிட்டது. இந்தப் பக்கம் நில உரிமையாளருக்கு விளைச்சலில் முறையான பங்கு உண்டு. அந்தப் பக்கம் அப்படி ஓர் ஆளே சட்டத்தின் கண்ணில் இல்லை. சந்தையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1987-இன் வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டம் இருக்கிறது. கேரளம் அப்படியொரு ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றவே இல்லை. அங்கே வாங்குபவர் உரிமம் பெற்ற வணிகரா என்று கேட்கும் சந்தைக்குழு எதுவும் கிடையாது.

செங்கோட்டை வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த எல்லைக் குழப்பம் தாத்தா காலத்து அனுபவம். 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்தது. மாநில மறுசீரமைப்புச் சட்டம் அதைச் சென்னை மாநிலத்துடன் இணைத்தது. கன்னியாகுமரி வட்டங்களும் அவ்வாறே வந்தன. நிலம் ஒரே நாளில் மாநிலம் மாறியது. சட்டம் மாறவில்லை. அந்தச் சட்டத்தின் 119-ஆவது பிரிவு, தகுதியுள்ள சட்டமன்றம் வேறுவிதமாக முடிவு செய்யும்வரை, பழைய பகுதியில் பழைய சட்டமே தொடரும் என்றது. ஆகவே சிறிது காலம், சென்னை அரசின் ஆட்சியில் இருந்துகொண்டே திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட வயல்கள் இங்கே இருந்தன. பின்னர் சென்னைச் சட்டமன்றம், ‘மாற்றப்பட்ட பகுதி’ என்று இவற்றுக்குப் பெயரிட்டு, தன் சட்டங்களை ஒவ்வொன்றாக நீட்டித்தது. நான் இதைப் பழங்கதையாகச் சொல்லவில்லை. எல்லை நகர்ந்தால் எந்தச் சட்டம் பொருந்தும் என்பதை அன்று நாடாளுமன்றம் ஒரே பிரிவில் தெளிவாக எழுதி வைத்தது. சரக்கு நகர்ந்தால் எந்தச் சட்டம் என்பதை எழுபது ஆண்டுகளாகியும் எவரும் எழுதவில்லை.

கடன் நிவாரணத்தில் மாநிலங்களின் அதிகாரம் பற்றிய சண்டை அதைவிடப் பழையது. இராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், பிராமிசரி நோட்டு மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது, மாகாணம் அதில் கை வைக்க முடியாது என்ற வாதத்தால் தாக்கப்பட்டது. 1940-இல் ஃபெடரல் நீதிமன்றம் அந்தத் தாக்குதலை ஏற்கவில்லை, சட்டம் தப்பியது. அன்றிலிருந்து கடன் நிவாரணம் மாநிலங்களின் தனி ஆடுகளம். கேரளம் 1958-இலும் 1970-இலும் சட்டங்கள் இயற்றி, பின்னர் 2006-ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியாக விவசாயிகள் கடன் நிவாரண ஆணையத்தையே அமைத்தது. தமிழ்நாடு தள்ளுபடி வழியில் போனது. 2021 பிப்ரவரியில் அறிவித்த தள்ளுபடி மட்டும் 12,110 கோடி ரூபாய். கூட்டுறவுக் கடன் தள்ளுபடியாகும். வியாபாரியின் முன்பணம் தள்ளுபடியாவதில்லை. ஆகவே சட்டப் புத்தகத்தில் கூட்டுறவுச் சங்கம் முதலிடத்திலும், வயல் வரப்பில் வியாபாரி முதலிடத்திலும் இருக்கிறார்கள். முன்பணம் கொடுத்தவர் சரக்கைத் தன் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர் என்பதே இதற்குக் காரணம். கையில் சரக்கு இருப்பவருக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

கையில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய உரிமை என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கர்நாடகத்தின் சிருகுப்பா சர்க்கரை ஆலை தன் சர்க்கரை மூட்டைகளைச் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவிடம் அடகு வைத்திருந்தது. கரும்பு கொடுத்த விவசாயிகளுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் பாக்கி. மூட்டைகள் விற்ற பணம் யாருக்கு? அடகு பிடித்த வங்கிக்கே முதலில் என்று 2007-இல் தீர்ப்பு வந்தது. பீகாரில் வங்கி வசமிருந்த சர்க்கரையை அரசு எடுத்துக்கொண்ட வழக்கிலும் 1971-இல் இதே தடத்தில்தான் நீதிமன்றம் சென்றது. கரும்பு வந்து சேர்ந்த 14 நாளுக்குள் விலையைத் தரவேண்டும் என்று 1966-இன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. ஆனால் அந்த விலைக்கு ஈடாகச் சர்க்கரையின் மீது ஓர் உரிமையை அது தெளிவாக எழுதித் தராததால், வயலில் விளைவித்தவன் வரிசையில் பின்னால் நிற்கிறான். அடகுச் சட்டத்தின்படி அந்தத் தீர்ப்பு சரியானதே. அதைக் குறை கூற எனக்கு விருப்பமில்லை. சட்டம் இயற்ற வேண்டியவர்கள் இயற்றாததற்கு நீதிபதிகளை நோவதில் பொருளில்லை.

இதே கேள்வியை அமெரிக்கா எப்படித் தீர்த்தது என்பதைப் பார்க்கலாம். ஐம்பது மாநிலங்கள், ஒவ்வொன்றிலும் விதை கொடுத்தவருக்கு, அறுவடை செய்தவருக்கு, நிலம் விட்டவருக்கு என்று வெவ்வேறு பற்றுரிமைச் சட்டங்கள். 2001 முதல் நடைமுறைக்கு வந்த சீர்செய்யப்பட்ட ஒருசீர் வணிகச் சட்டத் தொகுப்பு ஒரு நேரான விதியை எழுதியது. விவசாயி தானே ஒப்பந்தம் செய்து கொடுக்கும் ஈட்டைப் பதிவதற்குக் கடனாளி எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலச் சட்டம். சட்டத்தால் தானாக எழும் விவசாயப் பற்றுரிமைக்கு விளைபொருள் எங்கே இருக்கிறதோ அந்த மாநிலச் சட்டம். நெப்ராஸ்காவில் விளைந்த மக்காச்சோளம் மிசோரி ஆற்றைக் கடந்து அயோவாவின் தானியக் கிடங்குக்குப் போனால், அங்கே இருக்கும்வரை யார் முந்தி, யார் பிந்தி என்பதை அயோவாவின் சட்டம் சொல்லும்.

வாங்குபவரின் பக்கத்தையும் அவர்கள் கவனித்தார்கள். முன்பெல்லாம் விவசாயியிடம் தானியம் வாங்கி விலை கொடுத்தவரிடம், ‘அது எங்களுக்கு ஈடான சரக்கு’ என்று வங்கி வந்து நிற்கும். அவர் இரண்டாவது முறை பணம் கட்ட நேரும். 1985-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை மாற்றியது. முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்புத் தரவேண்டும், அல்லது மாநிலத்தின் மையப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்குச் சரக்கு பாரமின்றிச் சொந்தம்.

இந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து செங்கோட்டைச் சாலையில் நடலாம் என்று நான் சொல்லமாட்டேன். சரக்கு இருக்கும் இடத்தின் சட்டம் என்ற விதி, பெரிய கடன்காரர்களுக்கு வசதியானது. பத்து மாநிலங்களில் பதிவு செய்ய அவர்களுக்கு ஆள் உண்டு. நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஒரு செயலரும் இரண்டொரு பணியாளர்களும் இருப்பார்கள். ஓர் உறுப்பினரின் வாழைத்தார் கொல்லத்தில் இறங்கியது என்பதற்காக அவர்கள் கேரளச் சட்டத்தைப் படித்து அங்கே உரிமை கோர முடியுமா? அரை மணி நேரத்தில் சட்டம் மாறும் எல்லைப்புறத்தில், சரக்கு இருக்கும் இடத்தின் சட்டம் என்பது லாரி ஓட்டுநரின் கையில் முன்னுரிமையை ஒப்படைப்பதற்குச் சமம். தொலைவில் விற்க விரும்பும் விவசாயிக்கும் அது நல்லதன்று. எல்லை தாண்டும் பயிருக்குக் கடன் கொடுக்கவே தயங்குவார்கள்.

என் கருத்தில், யாருக்கு உரிமை, யார் முதலில் என்பதை விளைந்த நிலத்தின் சட்டமே தீர்மானிக்க வேண்டும். சரக்கு எங்கே போனாலும் அந்த வரிசை மாறக்கூடாது. ஏனென்றால் கடன் கொடுத்தவர், உரம் கொடுத்தவர், கூலிக்கு வந்தவர் எல்லாரும் அந்த நிலத்தைப் பார்த்தே நம்பினார்கள். வாங்குபவரின் பாதுகாப்பு வேறு விதியாக இருக்கட்டும். புனலூர் வியாபாரி தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். பதிவேட்டில் இல்லாத உரிமை அவரைக் கட்டுப்படுத்தாது என்றும், விலையை விவசாயியின் பயிர்க்கடன் கணக்கிலேயே செலுத்திவிட்டால் அவருடைய பொறுப்பு அத்தோடு முடிந்தது என்றும் வைத்தால் போதும். பற்றுரிமை வாழைத்தாரை விட்டு இறங்கிப் பணத்தின் மீது ஏறிக்கொள்ளும். பணத்துக்குப் புளியரையில் எல்லை இல்லை.

இதை யார் செய்வது? மாநிலங்கள் தனித்தனியே செய்ய முடியாது. 2020-இன் வேளாண் சட்டங்களை நினைத்து, ஒன்றிய அரசின் பெயரைக் கேட்டாலே பலர் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயம் உண்டு. அந்தச் சட்டங்கள் மாநிலச் சந்தைகளுக்குள்ளேயே புகுந்தன. பான் எண் வைத்திருப்பவர் எவரும் எங்கும் வாங்கலாம், தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றம் இல்லை, சார் கோட்டாட்சியர் என்றன. 2021-இல் அவை திரும்பப் பெறப்பட்டன. வியப்பு என்னவென்றால், நாடு முழுவதையும் ஒரே சந்தையாக்க வந்த அந்தச் சட்டங்கள்கூட, எல்லை தாண்டும் சரக்கின் மீது கூட்டுறவுச் சங்கத்துக்கு உள்ள முன்னுரிமை என்னாகும் என்ற கேள்வியைத் தொடவில்லை. நான் கேட்பது மிகக் குறுகலான ஒரு சட்டம். ஒன்றியப் பட்டியலின் 42-ஆவது இனமான மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தின் கீழ், எந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும் என்பதை மட்டும் சொல்லும் சில பிரிவுகள். கூட்டுறவுக்கு எத்தனை மாதம் முன்னுரிமை, குத்தகைக்கு உண்டா இல்லையா என்பவை எல்லாம் மாநிலங்களின் விருப்பமாகவே நீடிக்கட்டும்.

ஒன்றியச் சட்டம் என்றாலே தீங்கு என்றும் சொல்லிவிட முடியாது. நமக்கு வடக்கே போடிநாயக்கனூரைப் பாருங்கள். இடுக்கி மலையில் விளையும் ஏலக்காய் போடியிலும் ஏலம் போகிறது, கேரளத்தின் புற்றடியிலும் ஏலம் போகிறது. தோட்டம் ஒரு மாநிலத்தில், தோட்டக்காரரின் வீடு இன்னொரு மாநிலத்தில் என்பது அங்கே சாதாரணம். நறுமணப் பொருள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏலதாரர்கள், நாடு முழுவதுக்கும் பொதுவான விதிகளின் கீழ் ஏலம் நடத்துகிறார்கள். தொழிலில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் சரக்கு எல்லை தாண்டியதால் விவசாயியின் நிலை மாறிவிட்டது என்ற புலம்பல் அங்கே எழுவதில்லை.

கிடங்கிலும் வழி பிறந்திருக்கிறது. 2007-இல் இயற்றி 2010-இல் நடைமுறைக்கு வந்த சேமிப்புக் கிடங்குச் சட்டத்தின் கீழ், பதிவு பெற்ற கிடங்கில் வைத்த தானியத்துக்கு மின்னணு ரசீது கிடைக்கிறது. வங்கிக்கு ஈடு வைத்தால் அது ரசீதிலேயே பதிவாகிவிடும். அது தீராமல் ரசீது கைமாறாது. இந்தக் கடன்களுக்கு உத்தரவாதம் அளிக்க 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு 1,000 கோடி ரூபாய் நிதியத்தையும் தொடங்கியது. நெல்லுக்கும் உளுந்துக்கும் இது ஏற்றது. ஆனால் ஏத்தன் தாரையும் கத்தரிக்காயையும் எந்தக் கிடங்கில் வைப்பது? அழுகும் பொருளுக்குக் கிடங்கு ரசீது உதவாது. தென்காசியிலிருந்து கேரளம் போகும் சரக்கில் அழுகும் பொருளே மிகுதி.

இப்போது கழுத்துச் சங்கிலிக்கு வருகிறேன். 2025 ஜனவரி 1 முதல், இரண்டு லட்சம் ரூபாய்வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் தனி ஈடு கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன் அந்த வரம்பு 1.60 லட்சம். விவசாயி பயிரைத் தன் கையில் வைத்துக்கொண்டே வங்கிக்கு ஈடு காட்டும் ‘ஹைப்பாத்திகேஷன்’ போதும். ஆனால் அந்த ஈட்டின் மதிப்பு என்ன? சரக்கு எல்லை தாண்டினால் யார் முதலில் என்று தெரியாத, வாங்குபவர் எவரும் பார்த்தறியாத, விற்றபின் பின்தொடர முடியாத ஓர் உரிமை. வங்கி மேலாளர் முட்டாள் அல்லர். அவர் படிவத்தில் பயிரை எழுதிக்கொண்டு, மேசைமேல் நகையைக் கேட்கிறார். சிறிய தொகைக்கும் விவசாயி தானாக முன்வந்து நகையை வைத்தால் அது விதிமீறல் ஆகாது என்று 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கமும் கொடுத்துவிட்டது. ‘தானாக’ என்ற சொல்லின் பொருளை வங்கி வாசலில் நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். அதே ஆண்டு நகைக்கடன் வரைவு விதிகளுக்குத் தமிழ்நாட்டில் அவ்வளவு எதிர்ப்பு எழுந்ததன் காரணமும் இதுவே. இங்கே விவசாயக் கடன் என்பதே பெரும்பாலும் நகைக்கடன்.

பொருளாதாரப் பாடத்தில் ஈட்டுறுதியின் தரம் குறைந்தால் வட்டி கூடும் அல்லது கடன் குறையும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதைப் பாடநூல் சொல்லவில்லை. ஈடு வேறொருவருடைய உடைமைக்கு இடம் மாறும். விளைச்சலின் இடர்ப்பாட்டை, நிலத்தில் பெயர் இல்லாத, கடன் கணக்கில் பெயர் இல்லாத மனைவி சுமக்கிறாள். விலை வீழ்ந்தால் ஏலம் போவது வாழைத்தார் அன்று.

வரிசை என்று பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தார் வெட்டியவரின் கூலி எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்க வேண்டும். இலத்தூரில் யாரும் அதற்குச் சட்டம் கேட்பதில்லை. அன்று மாலையே கொடுத்துவிடுவார்கள். ஆனால் இயந்திர அறுவடைக்காரருக்கு வாடகை பாக்கி வைப்பதும், அவர் ஓட்டுநருக்குப் பாக்கி வைப்பதும் இப்போது வழக்கமாகி வருகிறது. சட்டம் எழுதப்பட்டால் அது எழுத்தில் இருப்பது நல்லது. உரக்கடைக்காரருக்கும் ஓர் இடம் கொடுக்கலாமா என்று கேட்டால், எனக்குத் தயக்கம்தான். பற்றுரிமை கிடைத்துவிட்டால் அவர் தேவைக்கு மேல் உரத்தைத் தலையில் கட்டுவார் என்ற அச்சம் ஒரு பக்கம். உரிமை இல்லாததால்தான் விலையில் வட்டியைச் சேர்த்து விற்கிறார் என்ற உண்மை மறு பக்கம்.

பதிவேடு இல்லாமல் இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று சிலர் சொல்வார்கள். சரிதான். 2002-இன் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்தின் மீதான ஈட்டைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. அதன் கீழ் இயங்கும் மையப் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு வாழைத்தார் வாங்குகிற வியாபாரி எவரையும் நான் கண்டதில்லை. ஆனால் 2025 முதல் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்கப்படுகிறது. என் தம்பியும் வரிசையில் நின்று வாங்கிவிட்டார். நில விவரம் அதில் இணைக்கப்பட்டிருக்கிறது. உதவித்தொகை அனுப்ப உதவும் எண், இந்த நிலத்தின் இந்தப் பருவத்துப் பயிர் மீது இன்னாருக்கு உரிமை உண்டு என்று காட்டவும் உதவலாம். கொல்லத்து வியாபாரி கைப்பேசியில் பார்த்துவிட்டு, எந்தக் கணக்கில் பணம் செலுத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். யார் யாருக்கு எவ்வளவு கடன் என்று ஊரே பார்க்கும்படி அது அமைந்துவிடக் கூடாது. வாங்குபவருக்கு ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற விடை போதும்.

அரசுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 1890-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி, தென்காசி மாவட்ட ஆட்சியர் ஒரு சான்றிதழ் அனுப்பினால் கொல்லம் மாவட்ட ஆட்சியர் பாக்கியை வசூலித்து அனுப்ப வேண்டும். நிலவரியும் அவ்வாறு வசூலிக்கத்தக்க பாக்கிகளும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லைகளைத் தடையின்றிக் கடந்துகொண்டிருக்கின்றன. ஆட்சியாளருக்கு வரவேண்டியதற்கு வழி கண்டவர்கள், விளைவித்தவனுக்கு வரவேண்டியதற்குக் காணவில்லை.

வழக்கறிஞரிடம் போய் வந்த நாளில், திரும்பும் வழியில் தம்பி அதிகம் பேசவில்லை. இலத்தூர் விலக்கில் பேருந்திலிருந்து இறங்கியபின் சொன்னார்: ‘அண்ணே, பயிருக்குக் கடன் தாறாங்கன்னு பேரு. கழுத்துல கெடந்தத வாங்கி வச்சிக்கிட்டுல்லா தாறாங்க.’ வழக்குப் போடவில்லை. வியாபாரி மீதித் தொகையை மூன்று தவணையாகக் கொடுத்து முடித்தார். கடைசித் தவணையுடன் அடுத்த ஓணத்துக்கான முன்பணத்தையும் சேர்த்தே கொடுத்தார். தம்பி வாங்கிக்கொண்டார். கன்று நட்டாகிவிட்டது. தம்பி மனைவியின் சங்கிலி இன்னும் வங்கியில் இருக்கிறது.